இருபது காசும் இல்லறமும்

திருப்பதியில் காசு சேர்க்கிறவன் இரண்டாம் இடத்துக்குத்தான் ஆசைப்படலாம். முதலிடம் மலைமேல் இருப்பவருக்கு. அவரும் ஆசைப்பட்டுச் சேர்க்க ஆரம்பித்தவர் இல்லை. கல்யாணக் கடன். பத்மாவதித் தாயாரைக் கைப்பிடிக்கக் குபேரனிடம் ஒரு கோடியே பதினான்கு லட்சம் பொற்காசு வாங்கினார் என்கிறது தலபுராணம். கலியுகம் முடியும்வரை வட்டி, அப்புறம்தான் அசல். உண்டியலில் விழுவதெல்லாம் அந்தக் கணக்கில் போகிறது. கீழ்த் திருப்பதியில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாள் தலைக்கு மரக்கால் வைத்துப் படுத்திருப்பார். தம்பியின் கடனுக்காகக் காசு அளந்து அளந்து அலுத்துப்போய் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் அவர்தான். இரவு பதினொரு மணிக்குப் பூதக்கண்ணாடியும் கையுமாகச் சாய்ந்து தூங்கிப்போனவனுக்கு அந்த அலுப்பு தெரியும்.

ஆனால் நான் பொறாமைப்படுவது தம்பியின் ஏற்பாட்டைப் பார்த்துத்தான். கடன் வாங்கிக் கட்டிக்கொண்ட தாயார் இருப்பது மலைமேல் இல்லை, கீழே திருச்சானூரில். காசு மேலே, தாயார் கீழே, நடுவில் ஏழு மலை. வருஷத்துக்கொரு தரம், கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று, மேலிருந்து பட்டும் மஞ்சளும் யானைமேல் சீராக இறங்கி வரும். காசு சேர்க்கும் பழக்கமும் கல்யாண வாழ்க்கையும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல வழியை யாரும் கண்டுபிடித்ததில்லை. எனக்கு வாய்த்தது இரண்டு படுக்கையறை வீடு. பீரோவும் மனைவியும் ஒரே மட்டத்தில்.

இதை ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் மனைவி திருத்தணிக்காரி.

"எங்க சாமி ரெண்டு பேரையும் ஒரே மலைமேல வெச்சுக் குடித்தனம் பண்றாரு. ஒரு சண்டை உண்டா? ஏன்னா அவரு எதையும் சேத்து வெக்கிறதில்ல. வேலு ஒண்ணுதான். அதுவும் அவங்க அம்மா குடுத்தது."

திருத்தணி ஒரு காலத்தில் எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி, எல்லைத் தகராறில் படாஸ்கர் எழுதிவைத்த தீர்ப்பின்படி, அது சென்னை மாநிலத்துக்குப் போனது. முருகன் அந்தப் பக்கம், பெருமாள் இந்தப் பக்கம் என்று பெரியவர்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீட்டில் தமிழும் வாசலில் தெலுங்குமாக வளர்ந்த எங்களைப் போன்ற சித்தூர்க் குடும்பங்கள் எல்லைக்கு அப்பால் பெண் எடுப்பதும் கொடுப்பதுமாகத்தான் அந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறோம். என் கல்யாணமும் அப்படி ஒரு சரிக்கட்டல்.

அன்றைக்கு அவள் கழுத்தில் பாட்டி காலத்துக் காசுமாலை. இப்போது கடையில் கிடைக்கிற, லட்சுமி அடித்த தகடு இல்லை. அசல் விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் சவரன்கள். 22 காரட், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு கிராம். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் நான் குனிந்து வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சவரனின் தலையிலும் எந்தக் காலத்துப் பத்தரோ கண்ணி பற்றவைத்திருந்தார். ராணியின் உச்சந்தலையில் பற்றாசு! நாணயம் சேர்க்கிறவனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? என் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "மாப்பிள்ளைக்கு இளகின மனசு" என்று பெண் வீட்டார் பக்கம் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த நல்ல பெயரை வைத்துத்தான் கொஞ்ச காலம் வண்டி ஓட்டினேன்.

ராத்திரி இருவருமாக மொய்க் கவர்களைப் பிரித்தோம். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதிய ஒவ்வொன்றிலும் ஓர் ஒற்றை ரூபாய். அவள் நோட்டை அடுக்கிக்கொண்டே வந்தாள், நான் ஒற்றை ரூபாயை ஒதுக்கிக்கொண்டே வந்தேன். நம் நாட்டுக் காசில் வருஷத்துக்குக் கீழே பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். சாய்சதுரம் இருந்தால் பம்பாய். சின்ன வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. மூத்த நாணயச் சாலை என்பதால் கல்கத்தாவுக்கு அடையாளம் போட்டுக்கொள்ளும் அவசியமே இல்லை.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஹைதராபாத்" என்றேன் பூரிப்போடு.

அவள் அதைத் தேனிலவு என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் சார்மினார், சாலார்ஜங் மியூசியம் என்று அவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். கடைசியில் போனது மதனப்பள்ளி பஸ் பிடித்து ஹார்ஸ்லி ஹில்ஸ். அந்த ஹைதராபாத் பாக்கி இன்னும் என் பேரில் நிற்கிறது.

வேலை மாற்றலாகித் திருப்பதிக்கு வந்தபிறகு பழக்கம் முற்றியது. ஊர் அப்படி. தேசத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனம் வந்து, எல்லாவிதமான சில்லறையையும் இங்கே உதறிவிட்டுப் போகிறது. ஆட்டோக்காரர் பாக்கியாகக் கொடுத்ததில் மலேசியக் காசு இருக்கும். பூக்காரம்மாவின் கூடைக்கு அடியில், எடைக்குக்கூட யாரும் எடுக்காத அலுமினிய மூன்று பைசா ஆறு மூலையோடு கிடக்கும். 2011 ஜூன் 30 முதல் நாலணாவும் அதற்குக் கீழே இருப்பவையும் செல்லாது என்று ஆனபோது, ஊரெல்லாம் டப்பாவைக் கவிழ்த்தது. நான் நிமிர்த்திக்கொண்டேன். பழைய பித்தளைப் பாத்திரக் கடைக்காரர்களுக்கு என் நடையே தெரியும். குடம் வாங்க வந்த முகமா, குடத்துக்குள் கிடப்பதை வாங்க வந்த முகமா என்று பார்த்தவுடன் பிரித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு கடையில்தான் என் இருபது காசு கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானிக்காக 1808-ல் அடித்த செப்புக்காசு. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிப் பிடித்த கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் இருபது. அடித்த இடம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம், மாத்யூ போல்டன் என்பவரின் சோஹோ சாலை. நீராவி இயந்திரத்தில் அடித்ததால் விளிம்பு இன்றும் கணக்காக இருக்கும். இதன் கூடப்பிறந்தவை டன் கணக்கில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் சென்னைக்குப் புறப்பட்டன. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள் கப்பல் குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளித்து எடுத்தபோது காசெல்லாம் பீப்பாயோடு பீப்பாயாக ஒட்டிப்போய் வந்தன. என்னிடம் இருந்தது அந்தக் கப்பலில் ஏறாமல் தப்பி, வேறு கப்பலில் ஒழுங்காக வந்து சேர்ந்த காசு. சோற்றில் கைவைத்தபடியே இவ்வளவையும் அவளுக்குச் சொல்லி முடித்தேன்.

"கப்பல் முழுகினப்பவே விட்டிருக்கலாம். ரசம் ஊத்தட்டா?"

மனைவிமார்களுக்கு வரலாற்றுணர்வு கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். அவளுடைய வரலாறு வேறு வரலாறு, அவ்வளவுதான். எந்த வருஷம் எந்தச் சம்பளத்தில் எந்தக் காசுக்கு எவ்வளவு போனது, அதே நாளில் தங்கம் கிராம் என்ன விலை விற்றது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். என் ஆல்பத்தில் ஒவ்வொரு காசுக்கும் கீழே நான் உலோகம், எடை, சாலை என்று எழுதிவைத்திருக்கிறேன். அவள் மனசுக்குள் ஒவ்வொன்றுக்கும் கீழே 'அப்பவே ரெண்டு கிராம்' என்று எழுதி வைத்திருக்கிறாள். இரண்டாவது பட்டியலில் இன்றுவரை ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் சான்றோர்களை இழுத்தேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார், புத்தகமும் பத்திரிகையுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தார், அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994-ல் சென்னையில் அவர் பேரிலேயே நூலகம் வைத்தார்கள், இன்று தமிழ் ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் அங்கே போகாமல் முடியாது என்றேன். அவள் மறுக்கவில்லை. "அது செட்டிநாட்டு வீடு. ரெண்டு கட்டு, மூணு கட்டுன்னு போயிட்டே இருக்கும். அந்த ஆச்சி ஒரு கட்டுல இருந்துகிட்டு இன்னொரு கட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கவே வேணாம்" என்றாள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று இன்னொரு நாள் பெருமையாகச் சொன்னேன். "நாட்டை விட்டெல்லாம் போக வேணாங்க. ஹாலை விட்டுப் போனா போதும்."

சண்டை என்று ஒன்று வந்தது புளியால். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தால் கூடத்தில் கோலம், மாவிலை, விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் என் செப்புக்காசுகள், புத்தம்புது முகத்தோடு. பித்தளை விளக்கும் செம்பும் தேய்த்த புளி மிச்சமிருந்ததாம். "உங்களுக்குப் பிடிச்சதாச்சேன்னு ஒவ்வொண்ணா தேய்ச்சேன். கை எரியுது" என்று விரலைக் காட்டினாள். செம்பின்மேல் நூறு இருநூறு வருஷமாகப் படிந்த அந்தக் கருஞ்சிவப்புப் பூச்சுதான் காசுக்குக் கவசம். அதைத் தேய்த்துவிட்டால் விலையில் பாதிக்கு மேல் சாக்கடையில் போய்விடும். உலகத்து நாணயக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம், காசைக் கழுவாதே என்பது. இதையெல்லாம் சிவந்துபோன விரல்களிடம் எப்படிச் சொல்வது? "நல்லா பளபளன்னு இருக்கு" என்றேன். இருபது காசு மட்டும் அன்றைக்கு என் மேஜை டிராயரில் இருந்ததால் தப்பியது. கப்பலிலிருந்து தப்பிய காசுக்குப் புளியிலிருந்து தப்புவது பெரிய காரியமா?

அவளிடமும் ஓர் இருபது உண்டு. தாமரைக் காசு. 1968-லிருந்து 1971 வரை வந்த, பித்தளை நிறத்து இருபது பைசா. ஒரு பக்கம் பூத்த தாமரை. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று பாட்டிகள் நம்பினார்கள். செலவழிக்க மனசு வராமல் எல்லாரும் முடிந்துவைத்தார்கள். 108 சேர்த்தால் வரலட்சுமிக்கு அர்ச்சனை பண்ணலாம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எந்தப் பழைய பூஜை அலமாரியைத் திறந்தாலும் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் இது இருக்கும். என் மாமியார் கொடுத்தனுப்பிய 108-ஐ ஒரு நாள் நான் சாலை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு இல்லாத ஒரு வருஷத்துக் காசு ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, என்னிடம் இரட்டையாக இருந்த, அதே தாமரை, அதே எடை, அதே வகைக் காசு ஒன்றை உள்ளே வைத்தேன். 108 அப்படியே 108. இதில் களவு எங்கே இருக்கிறது? ஆனால் விரதத்தன்று அர்ச்சனை நடுவில் அவள் கை நின்றது. ஒரு காசைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்தோத்திரத்தை நிறுத்தாமலே என் பக்கம் கையை நீட்டினாள். நானும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எடுத்துவந்து வைத்தேன். பூதக்கண்ணாடி இல்லாமல் விரல்நுனியால் ஒரு காசை அடையாளம் கண்டவர்களை நான் என் வட்டாரத்தில் பார்த்ததில்லை. அவள் மட்டும் இந்தப் பக்கம் வந்திருந்தால் நான் வாலைச் சுருட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதன்பிறகுதான் காணிப்பாக்கம் பேச்சு எழுந்தது. சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கிணற்றுக்குள்ளிருந்து எழுந்தருளி, இன்னும் வளர்ந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் விநாயகர். குலோத்துங்க சோழன் கட்டிய கோயில். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் தீராத வழக்கு அங்கே தீரும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சத்தியம் பண்ணிவிட்டு ஒருவன் பொய் சொன்னால் பிள்ளையார் விடமாட்டார் என்று ஊர் முழுக்க பயம். அரசியல்வாதிகளே 'காணிப்பாக்கத்துக்கு வா, சத்தியம் பண்ணு' என்றுதான் சவால் விடுவார்கள்.

"வாங்க, இனிமே காசு வாங்கமாட்டேன்னு பிள்ளையார் முன்னால சொல்லிடுங்க."

பிரம்மச்சாரிக்கு எதற்கு நம் குடும்ப வழக்கு என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. பஸ்ஸில் பாகாலா தாண்டும்வரை சத்தியத்தின் வாசகம் பற்றிப் பேச்சுவார்த்தை. 'காசு வாங்கமாட்டேன்' என்றால் சம்பளம் வாங்க முடியாது. 'பழைய காசு' என்றால் எவ்வளவு பழசு? 'காசு கொடுத்துக் காசு வாங்கமாட்டேன்' என்றால் சில்லறை மாற்ற முடியாது. நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு எழுதியவன், விதிக்கு விலக்கு எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் வாசகம் ஓரளவு உருவாகி, குளத்துப் படியில் நான் சட்டையைக் கழற்றியபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"நீங்க எப்படியும் மீறுவீங்க. மீறினா பிள்ளையார் உங்களை ஏதாவது பண்ணுவாரு. நஷ்டம் யாருக்கு? என் தாலிக்குத்தானே? சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். சட்டையைப் போடுங்க."

தரிசனம் முடித்து, வெளியே வந்து, ஆளுக்கொரு நெய்ரோஸ்ட் சாப்பிட்டுத் திரும்பினோம். பிள்ளையார் கோப்பைத் திருப்பி அனுப்பியதாக நான் எடுத்துக்கொண்டேன்.

நடுவில் கொஞ்ச நாள் எனக்கு வீட்டில் ராஜமரியாதை நடந்ததையும் சொல்ல வேண்டும். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்ச ரூபாய், வைஷ்ணோதேவி படம் போட்ட காசுக்குப் பல லட்சம் என்று யூடியூபில் ஒரு அலை அடித்ததே, அப்போது. டிகிரி காபி டம்ளர் வழிய வந்தது. பீரோவுக்குப் புதுப் பூட்டு. "மழை பெய்யுது, ஆல்பம் நனையப் போகுது" என்று அவளே எடுத்து உள்ளே வைத்தாள். அவள் தம்பி, என் மச்சான், திருத்தணியிலிருந்து வந்து இறங்கினான். மடியில் ஒரு பொட்டலம் பச்சரிசி. அரிசியை இழுக்கிற செப்புக்காசு உண்டு, அதற்கு வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை, 'ரைஸ் புல்லிங்' என்று பேர், மாமா கலெக்ஷனில் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றான். ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், அனுமார் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று பொறித்த ஒரு வில்லையை அவனும் எங்கோ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வைத்திருந்தான். கம்பெனிக்காரன் அனுமாரைப் போட்டு ஒரு காசும் அடித்ததில்லை, இது பின்னால் எவனோ செய்து விற்கிற சாமி வில்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, என் காசுகளை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் கொண்டுபோனான். ஓர் அரிசியும் அசையவில்லை. சாயங்காலம் அதை வடித்துச் சாப்பிட்டோம்.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் பேரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதும் விற்பதும் மோசடி, யாரும் ஏமாற வேண்டாம் என்று அறிக்கை விட்டது. அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உள்ளதைச் சொல்லுங்க. மொத்தமும் வித்தா என்ன வரும்?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாளிலிருந்து பழைய காபி.

பையனுக்கு வரன் அமையாமல் இழுத்துக்கொண்டு போனது. பெங்களூரில் வேலை, நல்ல சம்பளம், ஜாதகத்திலும் குறை இல்லை. ஆனாலும் வருகிற இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயிற்று. செல்லாத காசைப் பூட்டிவைத்திருக்கிற வீட்டில் லட்சுமி எப்படிக் கால் வைப்பாள் என்று அவள் தரப்பில் ஒரு சித்தாந்தம் உருவானது. ஒரு சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால் பூஜை அலமாரியில் ஏழுமலையான் படத்துக்குக் கீழே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. வேண்டிக்கொண்டு காசு முடிந்துவைத்திருக்கிறாள். வழக்கம்தான். ஆனால் அந்த முடிச்சின் பருமன் எனக்கு உறைத்தது. ஒரு ரூபாய்க்கு அந்தப் புடைப்பு வராது. துணிக்கு மேலேயே தடவிப் பார்த்தேன். ஒன்பது கிராம், தேய்மானம் இல்லாத விளிம்பு. மாத்யூ போல்டனின் கைங்கரியம்.

நான் வாதாடாமல் இல்லை. அதற்குப் பதிலாகப் பத்து மடங்கு ரூபாய் போடுகிறேன் என்றேன். முடிந்ததை அவிழ்க்கக் கூடாது என்றாள். அது கம்பெனிக் காசு, பெருமாளுக்கு வட்டிக் கணக்கில் வராது என்றேன். "உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதைத்தானே குடுக்கணும்? எனக்குப் பிடிச்சதைக் குடுக்கலாம்னா, அந்தக் காசுமாலையைத்தானே உங்களுக்காக ரெண்டு தடவை பேங்கில வெச்சேன்?" என்றாள். அங்கே என் வாதம் படுத்துவிட்டது.

குடும்பத்தோடு மலையேறினோம். மகாத்துவாரம் தாண்டி உள்ளே போனதும் மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் கைகூப்பி நிற்பார், செம்பில் செய்த ஆளுயர உருவம், இரண்டு பக்கமும் திருமலாதேவியும் சின்னாதேவியும். உதயகிரியை வென்ற கையோடு 1514-ல் வந்து 30,000 பொற்காசுகளால் பெருமாளுக்குக் கனகாபிஷேகம் செய்தவர். வரிசை நகராத நேரத்தில் அவள் என் காதருகே சொன்னாள்: "பாருங்க, முப்பதாயிரம் குடுத்தவரே கையைக் கூப்பிக்கிட்டு ரெண்டு பொண்டாட்டிக்கு நடுவுல அமைதியா நிக்கிறாரு. நீங்க ஒத்தைச் செப்புக்காசுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க."

உண்டியல் என்பது வெள்ளைத் துணிக்குள் தொங்குகிற பெரிய கொப்பரை. அவள் முடிச்சை என் கையில் கொடுத்து என்னையே போடச் சொன்னாள். போட்டேன். உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை, நோட்டு மெத்தைமேல் விழுந்திருக்க வேண்டும். பின்னால் இருந்தவர்கள் 'கோவிந்தா' என்று தள்ள, நான் நகர்ந்துவிட்டேன். அன்றிரவு தூங்காமல் யோசித்தேன். 2023-லிருந்து காணிக்கை எண்ணும் பரகாமணிக்குக் கோயிலுக்கு வெளியே தனிக் கட்டடம். சேவைக்கு வருகிறவர்கள் பை இல்லாத வேட்டியோடுதான் உட்கார வேண்டும். அவர்களில் ஒருவர் இந்த முடிச்சை அவிழ்த்து, இது செல்லுகிற காசா, வெளிநாட்டுக் காசா, எந்தக் குவியலில் சேர்ப்பது என்று ஒரு கணம் விழிப்பார். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. 1801-ல் இந்தச் சீமை கம்பெனி கைக்கு வந்ததிலிருந்து, 1843-ல் மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கும்வரை, திருமலைக் கோயில் நிர்வாகம் கம்பெனியின் பொறுப்பில்தான் இருந்தது. அந்த நாளில் உண்டியலில் விழுந்த செப்பெல்லாம் இந்த இருபது காசும் பத்துக் காசுமாகத்தான் இருந்திருக்கும். ஆக, என் காசு சரியான வரிசையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, இருநூறு வருஷம் தாமதமாக. இதைச் சொல்ல அவளை எழுப்பினேன். எழுப்பியிருக்க வேண்டாம்.

பெருமாள் வட்டியை வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக்கொடுத்தார். சித்தூரிலேயே பெண் அமைந்தது. எங்களைப் போலவே வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. பார்க்கப் போன அன்று சொஜ்ஜி பஜ்ஜி முடிந்து, பையனும் பெண்ணும் மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா சம்பிரதாயமாக, "தம்பிக்கு ஏதாவது பழக்கம்..." என்று இழுத்தார். என் மனைவி இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவள் மாதிரி, "குடி கிடையாது, சிகரெட் கிடையாது. எதையும் சேத்து வெக்கிற பழக்கமும் கிடையாதுங்க. எல்லாம் இவரோட போச்சு" என்றாள்.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல என்ன சேக்கறாரு?"

"காசு. செல்லாத காசு."

"காசா?" அந்தக் குரலில் இருந்தது அப்பட்டமான பொறாமை. "காசு சின்னதாச்சே! வாங்க, எங்க வீட்டைக் காட்டறேன்."

பின்கட்டு அறையில் தரையிலிருந்து கூரைவரை இசைத்தட்டு. பெரும்பாலும் 78 சுற்று, அரக்கில் வார்த்தவை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துப் பாட்டு, கீழே விழுந்தால் சில்லு. ஊர்ப் பாசம் காரணமாக ஆரம்பித்தாராம் சம்பந்தி. காஞ்சிபுரம் நாயினா பிள்ளையின் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, 1954-ல் சங்கீத கலாநிதி, அவர் பாடிய 'மதுராநகரிலோ' இரண்டு பிரதி. குண்டூர்ப் பக்கத்து ரேபல்லியில் பிறந்திருந்தும் எங்கள் ஊர் ராமவிலாச சபை மேடையில் ஏறி ஊர்ப்பேரைத் தன் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட சித்தூர் வி. நாகையாவுக்கு ஒரு தனி அலமாரி. போத்தனா, தியாகய்யா, வேமனா படப் பாட்டுகள், தமிழில் எம்.எஸ். கூட நடித்த 'மீரா'. எம்.எஸ்.ஸின் 1963-ம் வருஷத்து வேங்கடேச சுப்ரபாதம் பெரிய தட்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில். நடுவில் ஒரு கட்டில். அதில் படுக்க இடமில்லை, படுத்திருந்ததும் தட்டுகள்தான்.

பெண்கள் இருவரும் சமையலறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார்கள். வெகுநேரம் வரவில்லை. நடுநடுவே "அய்யோ" என்று ஒரு குரலும், "அதையேன் கேக்கறீங்க" என்று இன்னொரு குரலும் வந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் சம்பந்தி சாவி கொடுத்து, புது ஊசி மாற்றி, நாகையாவைப் பாடவிட்டார். நானும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து லேபிளைப் படித்தேன். நிச்சயதார்த்தத் தேதி வைக்க மறந்துவிட்டோம் என்பது மாடியிலிருந்து இறங்கிவந்த பிள்ளைகள் கேட்டபோதுதான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் வந்தது. இங்கிருந்து ஆண்ட வேங்கடபதி ராயர் பெருமாளை மட்டும் தனியாக நிற்கவைத்து வராகன் அடித்தார், பின்னால் கம்பெனிக்காரன் சென்னையில் அடித்தபோது இரண்டு தாயாரையும் சேர்த்து மூன்று சாமி வராகனாக்கினான் என்று சொன்னேன். "அவனுக்காச்சும் தெரிஞ்சிருக்கே" என்றாள். இது அவள் என் நாணயப் பேச்சுக்குக் கொடுத்த முதல் பாராட்டு. கொஞ்சம் பொறுத்து, அவளாகவே சொன்னாள்.

"அந்தம்மா பாவம். வெள்ளையடிச்சே பல வருஷம் ஆச்சாம், தட்டை எடுத்து வெக்க எடமில்லன்னு. காசு எவ்வளவோ தேவல. ஒரு டப்பால அடங்கிடும்." பிறகு என் மடியைப் பார்த்தாள். "அது என்ன, வந்ததுலேர்ந்து அணைச்சுப் பிடிச்சிட்டே இருக்கீங்க?"

தினத்தாளில் சுற்றிய, வட்டமான, தட்டையான பொட்டலம். புறப்படும்போது வாசலில் சம்பந்தி யாருக்கும் தெரியாமல் கையில் திணித்தது. தியாகய்யா, 1946.

"அப்பளம்" என்றேன். "சம்பந்தி வீட்டு அப்பளம். பாத்து, உடைஞ்சிடும்."